மே/பா முகவரிக்காரர்கள்

அந்தப் பட்டியலை அச்செடுத்தது நான்தான். மூன்று தாள், 163 பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீட்டு விலாசமும் செல்போன் எண்ணும். பின் அடித்து, பழுப்பு உறையில் போட்டு, நிறுவன முத்திரை குத்தி முதலாளி அண்ணாச்சி மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை உறை போய்ச் சேர்ந்துவிட்டது. இது நடந்து வருஷம் மூன்று ஆகப்போகிறது. அந்த 163 பேரில் 162 பேருக்கும் அந்த விவகாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பது அச்செடுக்கும்போதே எனக்குத் தெரியும். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தென்காசிப் பக்கம் சின்ன ஊர் ஒன்றில் இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு காலத்தில் கேபிள் டிவி, இப்போது ஃபைபர். சுற்றுவட்டாரத்தில் 6,000 வீடுகள் எங்களிடம் இருக்கின்றன. போலீஸிடமிருந்து வந்த கடிதத்தில் மூன்றே விவரம்தான்: ஓர் ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), ஒரு தேதி, இரவு 9.42 என்று ஒரு நேரம். அந்த நேரத்தில் அந்த முகவரியிலிருந்து யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்குள் வேறு யாரோ நுழைந்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்திய வாடிக்கையாளர் யார் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. பணம் போனவர் இருக்கிறாரே, அவருக்கு இதற்குப் பதில் கிடைத்தாக வேண்டும்.

பதில் எங்களிடம் இல்லை. எங்களுடைய 6,000 வீடுகளும் 32 முகவரிகளுக்குள் அடைந்து கிடந்தன. ஒரு முகவரிக்கு 187 வீடு. சிஜிநாட் என்று தொழிலில் சொல்வோம். வீட்டிலிருந்து கிளம்பும் பாக்கெட்டின், அதாவது தகவல் துண்டின், முகவரியை அழித்துவிட்டு, எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு பெட்டி தன்னுடைய பொது முகவரியை எழுதி வெளியே அனுப்பும். எந்த வீட்டுப் பாக்கெட் எது என்று அது நினைவில் வைத்துக்கொள்வது, ஒவ்வொரு தொடர்புக்கும் ஒட்டும் போர்ட் எண் என்ற துணை எண்ணைக் கொண்டுதான். கடிதத்தில் அந்தப் போர்ட் எண்ணும் இருந்திருந்தால் ஒரே ஒரு வீட்டைச் சொல்லியிருப்பேன். இல்லை. திருப்பிக் கேட்டோம். சம்பந்தப்பட்ட தளத்தில் அதைப் பதிந்து வைக்கவில்லை என்று பதில் வந்தது. வருகிறவரின் முகவரியோடு போர்ட் எண்ணையும் நேரத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள் என்று 2011 ஜூனிலேயே, இணையத்தின் தொழில்நுட்ப ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்துவிட்டது. எத்தனை பேர் கேட்டார்கள்? கடைசியில், அன்று இரவு 9.42க்கு அந்த முகவரிக்குப் பின்னால் இணைப்பில் இருந்த அத்தனை பேரையும் கொடுங்கள் என்றார்கள். 187 வீடுகளில் 24 வீடுகளில் அப்போது பெட்டி அணைந்திருந்தது. மீதி 163.

இரண்டாவது தாளில், நடுவில், எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்த வாத்தியார் பெயர் இருந்தது.

வாத்தியார் வந்தார்

பத்து நாள் கழித்து அவரே அலுவலகத்துக்கு வந்தார். கையில் குடை, மஞ்சள் பையில் எங்கள் ரசீதுகள் அத்தனையும் நூல் போட்டுக் கட்டி. ஒரு மாதம்கூடப் பணம் தவறியதில்லை என்று காட்டத்தான் எடுத்து வந்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எய்யா, வீட்டுக்கு ரெண்டு பேரு வந்தாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க, கொறை சொல்லக்கூடாது. அன்னைக்கு ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு நெட்டுல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? பட்டிமன்றம் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன். தெருவே பாத்துச்சு. நான் என்ன தப்புய்யா செஞ்சேன்?”

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை சார் என்றேன். பிறகு ஏன் என் பேர் போச்சு என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வீடு வீடாகப் படம் போட்டு, நடுவில் எங்கள் பெட்டியைப் போட்டு, ஒரு முகவரிக்குப் பின்னால் 187 வீடு இருப்பதைச் சொன்னேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “அப்ப எனக்குன்னு வீட்டு நம்பரே கெடையாது. எல்லாரும் மே/பா விலாசம். அப்படித்தானே?”

அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்தார். முதல் வேலை அவருக்கு மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில். தங்கியிருந்த அறைக்குக் கதவு எண் கிடையாது. அதனால் கடிதமெல்லாம் ‘மே/பா’ என்று போட்டு டீக்கடை விலாசத்துக்கு வரும். கடையில் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும், வருகிற காகிதமெல்லாம் அதில் குத்தியிருக்கும். அவருக்கு, கூடத் தங்கியிருந்த இன்னும் நாலு வாத்தியார்களுக்கு, எஸ்டேட் வேலைக்கு வந்த ஆட்களுக்கு, எல்லாருக்கும் அதே கம்பி. இவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், எழுதினால் பதில் வந்துவிடும். ஆனால் இவரைத் தேடி ஊருக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தால், கடைக்காரர் இருந்தால்தான் வழி. ஒரு முறை யாருக்கோ வந்த மணியார்டர் காணாமல் போய்விட்டது. ‘மே/பா’க்காரர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்களாம். இருபத்து மூன்று வயது அவருக்கு. அன்றைக்கு நின்ற வரிசையை எழுபது வயதுக்கு மேல் சொல்லும்போதும் அவருக்குக் குரல் இறங்கியது.

நான் இந்த வேலைக்கு வந்து அன்றைக்கு ஒன்பது வருஷம். புதிய ஐபி முகவரி முறையான ஐபிவி6 என்ற சொல்லைப் படிக்கிற காலத்திலிருந்தே கேட்டிருக்கிறேன். தேர்வுக்குப் படித்ததுதான்: 128 பிட், 40 பைட் தலைப்பு, தலைப்பில் செக்சம் கிடையாது. முகவரி தீர்ந்துபோனால் மாற வேண்டிய ஒன்று, எப்போதாவது செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதை ஒரு மனிதருடைய பெயரோடும் மானத்தோடும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை. அந்தக் கம்பியில் குத்தியிருந்த காகிதங்களைப் பற்றி வாத்தியார் சொன்னபோதுதான் உறைத்தது. எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஏசி அறைக்குள், பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிதான் அந்தக் கம்பி. 6,000 குடும்பங்களை அதில் குத்தி வைத்திருந்தேன். நெட் ஓடுகிறது, புகார் இல்லை என்று நிம்மதியாகவும் இருந்தேன்.

யாருக்கு எத்தனை

இந்தப் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை 1977க்குப் போகிறது. முகவரிக்கு எத்தனை பிட் வைப்பது என்று விவாதம் நடந்து, இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப் 32 என்று முடிவு கட்டினார். அது ஒரு சோதனைக்காக எடுத்த முடிவு என்று அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1981ல் அது ஆர்எஃப்சி 791 ஆனது. ஐபிவி4 என்பது இதுதான். 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. 32 பிட் என்றால் ஏறத்தாழ 430 கோடி முகவரி. அன்றைக்கு ஊருக்கு ஒரு கணினிகூட இல்லாத உலகத்துக்கு அது கடலளவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் பங்கு போட்ட விதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் எம்ஐடி என்ற ஒரே கல்வி நிறுவனத்துக்கு 18ல் தொடங்கும் முகவரிகள் முழுவதும் போயிருந்தன: 1,67,77,216. அதில் 1.4 கோடி பயன்படுத்தப்படாமலேயே கிடந்தது என்று 2017ல் அவர்களே சொல்லி, ஒரு பகுதியை விற்றார்கள். 140 கோடிப் பேர் இருக்கும் இந்தியா முழுமைக்கும் ஐபிவி4 முகவரி 4 கோடியை ஒட்டித்தான். முதலில் வந்தவர்களுக்குத் தோட்டம், பின்னால் வந்தவர்களுக்கு வரிசை. 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகளையும் உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 15ல் நம் ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவகமான ஏப்நிக், வந்த கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. ஐந்தில் முதலில் தட்டுப்பாட்டுக்கு வந்தது நாம்தான். அப்புறம் உறுப்பினருக்கு 1,024 என்று அளந்து கொடுத்தார்கள். 2019ல் அதையும் 512 ஆக்கினார்கள்.

எங்கள் நிறுவனம் சொந்தமாக முகவரி கேட்டுப் போனது அதற்குப் பிறகு. ஆக 512. நிலையான முகவரி வேண்டும் என்று மாதாமாதம் தனிக்காசு கட்டும் பெட்ரோல் பங்க், நகைக்கடை, மருத்துவமனைகளுக்குக் கொஞ்சம் போனது. எங்கள் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம். நாளைக்கு விலை ஏறும் என்று அண்ணாச்சி பூட்டி வைத்தது நிறைய. அப்படி ஏறவும் செய்தது. திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 2011ல் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்று 11 டாலர் சொச்சம். 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் தன் மேகக் கணினி வாடிக்கையாளர்களிடம் பொது ஐபிவி4 முகவரி ஒன்றுக்கு மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. வருஷத்துக்கு 43 டாலருக்கு மேல். வெறும் எண்ணுக்கு வாடகை. எண் தங்கமான பிறகு அதை வீடுகளுக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால் 6,000 வீட்டுக்கு 32.

இந்த நெருக்கடி பட்டியலோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட். கழிவு போக 64,000 என்று வைத்து 187 வீட்டுக்குத் துண்டு போட்டால் வீட்டுக்கு 340 சொச்சம் வரும். ஒரு வீட்டில் நாலு செல்போன், ஒரு டிவி, பிள்ளையின் லேப்டாப், எல்லாம் ராத்திரி எட்டரை மணிக்கு ஒன்றாக இயங்கினால் அது போதாமல் போகும் வேளை வரும். அப்போது நெட் நிற்காது. படம் பாதி வரும், ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும், வேகச் சோதனை போட்டால் முழு வேகம் காட்டும். வாடிக்கையாளர் ஃபைபரைச் சந்தேகப்படுவார். எங்கள் பையன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்ப்ளைஸை, அதாவது ஃபைபர் ஒட்டிய இடத்தை, பிரித்துப் போட்டுவிட்டு வருவான். ஒரு தெருவில் யாரோ வாங்கிய மலிவான டிவி பெட்டிக்குள் வைரஸ் புகுந்து அது ஊரெல்லாம் குப்பை அனுப்ப, ஒரு விண்ணப்பத் தளம் அந்த முகவரியையே தடுத்துவிட்டது. கடைசி நாள் அன்று. பக்கத்துத் தெருப் பெண் பிள்ளை ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தென்காசி பஸ் ஏறி, அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பித்தாள். அவள் அப்பா என்னிடம் கோபப்படவில்லை. “ஒங்க நெட்டு அந்த சைட்டுக்கு மட்டும் ஆகாதோ தம்பி?” என்றுதான் கேட்டார்.

அண்ணாச்சியிடம் பேசியது

“ஓடுதுல்லா தம்பி? ஓடுறத எதுக்குக் கலைக்கணும்?” இதுதான் அண்ணாச்சியின் கேள்வி. இதைக் கேட்காத முதலாளி உலகத்தில் இருக்க மாட்டார். ஐபிவி6 இவ்வளவு வருஷம் தள்ளிப்போனதற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்றே நினைக்கிறேன். அதன் முதல் வரையறை வந்தது 1995 டிசம்பரில். பழையதும் புதியதும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாதபடி வடிவமைத்துவிட்டார்கள். ஐபிவி4 மட்டும் தெரிந்த கருவிக்கு ஐபிவி6 முகவரி புரியாது. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டித்தான் மாற வேண்டும். தளம் வைத்திருப்பவர் பயனர் வரட்டும் என்கிறார், இணைப்புக் கொடுப்பவர் தளம் வரட்டும் என்கிறார். செலவு செய்கிறவர் ஒருவர், சுகம் இன்னொருவருக்கு.

அந்த முட்டுக்கட்டையை உடைத்ததில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு, இதைப் பெருமையாகவே சொல்வேன். 2012 ஜூன் 6 அன்று கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெரிய தளங்கள் ஐபிவி6ஐ நிரந்தரமாகத் திறந்துவிட்டன. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அத்தனை கோடிப் பேருக்குக் கொடுக்க அதனிடம் ஐபிவி4 முகவரி கிடையாது. ஆரம்பத்திலிருந்தே ஐபிவி6ல் ஓடியது. மற்ற செல்போன் நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. இன்று கூகுள் வெளியிடும் கணக்கில் இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் பத்தில் ஏழு பேர் ஐபிவி6ல் வருகிறார்கள், உலகின் முன்வரிசையில் இருக்கிறோம். வாத்தியார் வீட்டிலேயே அவர் பேத்தியின் செல்போனில் ஐபிவி6 இருந்தது. வைஃபையை அணைத்தால் அவளுக்குத் தனி முகவரி, வைஃபையைப் போட்டால் 187ல் ஒருத்தி. அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது எங்கள் ஃபைபர்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பாக்குச் சீவினார். கடைசியில் அவரை அசைத்தது நான் போட்ட ஒரு கணக்கு. எங்களுக்கு விண்ணப்பித்தால் கிடைக்கும் ஐபிவி6 தொகுதிக்குத் தொழிலில் சிலாஷ் 32 என்று பெயர். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு சிலாஷ் 56 கொடுத்தால், அதாவது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் 256 தனி நெட்வொர்க் வைத்துக்கொள்ளும்படி தாராளமாகக் கொடுத்தால், எத்தனை வீட்டுக்குக் கொடுக்கலாம்? 1,67,77,216 வீடு. எம்ஐடியிடம் இருந்த அதே எண். அவர்களிடம் இருந்தது தனித்தனி முகவரி, இது வீடு. தென்காசிப் பக்கத்துக் கேபிள்காரர் ஒருவருக்கு. தாளை வாங்கித் தானே ஒரு முறை பெருக்கிப் பார்த்தார். “எல்லாருக்கும் இம்புட்டா?” என்றார். எல்லாருக்கும்தான் என்றேன். “அப்ப நாளைக்கு எவனும் வந்து நம்பர் இல்லன்னு நம்மகிட்ட வாடகை கேக்க மாட்டான்லா?” மாட்டான் அண்ணாச்சி என்றேன். விண்ணப்பம் அந்த வாரமே போனது.

1,432

சொல்வது சுலபம். எங்களுக்கு இணையத்தைத் தரும் மேலிணைப்பு நிறுவனத்தோடு பிஜிபி (எந்த முகவரிக்கு எது வழி என்று நெட்வொர்க்குகள் சொல்லிக்கொள்ளும் முறை) பேச வைக்க இரண்டு வாரம் ஆனது. அங்கே தொலைபேசியில் வந்தவர்களில் முதல் மூன்று பேருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே தெரியவில்லை. முதலில் எங்கள் அலுவலகம், பிறகு ஊழியர் வீடுகள் பதினொன்று என்று திறந்தோம். ஐபிவி6 ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பக்கம் பத்துக்குப் பத்து காட்டியது. அன்று ராத்திரி என் வீட்டில் நானும் பார்த்தேன், யூடியூப் பறந்தது. பக்கத்து வீட்டு ஊழியர் போன் செய்து, ஒரு வங்கித் தளம் மட்டும் பாதியில் நிற்கிறது என்றார். அப்புறம் ஒரு செய்தித் தளம். பக்கத்தின் தலைப்பு வரும், கீழே வெள்ளை. எல்லாத் தளமும் நின்றால் கண்டுபிடித்துவிடலாம். சிலது மட்டும் நிற்பதுதான் உயிரை எடுக்கும்.

விடியற்காலை மூன்று மணிக்கு அகப்பட்டது. வீடுகள் எங்களோடு இணைவது பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை வழியாக. பாக்கெட்டின் முன்னால் அது ஒட்டும் தலைப்புக்கு 8 பைட் போய்விடுவதால், 1,500 பைட் பாக்கெட்டுக்கு வழியில் 1,492 பைட்தான் இடம். ஐபிவி4ல் இப்படிப் பெரிதாக வருவதை வழியில் உள்ள ரூட்டரே உடைத்து அனுப்பலாம். ஐபிவி6ல் ரூட்டர் உடைக்காது. ‘பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு’ என்று அனுப்பியவருக்கே ஐசிஎம்பிவி6 என்ற அறிவிப்பு முறையில் ஒரு செய்தி போகும். பழைய பழக்கத்தில் நான் ஃபயர்வாலில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தேன். எங்கள் ரூட்டர் சொல்லச் சொல்ல அந்தச் செய்தி எங்கள் வாசலைத் தாண்டவில்லை. தளம் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது, இங்கே அது கீழே விழுந்துகொண்டிருந்தது. அடைப்பை எடுத்தேன். டிசிபி என்ற அனுப்பும் முறையில் ஒரு பாக்கெட்டில் போகும் தகவலின் உச்ச அளவை ஐபிவி4க்கு 1,452 என்று வருஷக்கணக்காக வைத்திருந்ததைப் போல, ஐபிவி6க்குத் தனியாக 1,432 என்று வைத்தேன். இதன் தலைப்பு 20 பைட் கூடுதல். வங்கித் தளம் திறந்தது. இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு ‘ஐபிவி6 சரிப்பட்டு வராது’ என்று அணைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். சரிப்பட்டு வரும். ஐசிஎம்பிவி6ஐ அடைக்காதீர்கள். அது உபரி கிடையாது, பக்கத்துக் கருவியைக் கண்டுபிடிப்பதிலிருந்து எல்லாமே அதன் வழியாகத்தான் நடக்கிறது.

மறுமாதம் 800 வீடுகளுக்குத் திறந்தபோது, அந்த வீடுகளின் போக்குவரத்தில் பாதிக்கு மேல் சிஜிநாட் பெட்டியைத் தொடாமலேயே போகத் தொடங்கியது. ஆச்சரியமில்லை, மாலை நேரத்தில் ஊர் பார்ப்பது யூடியூபும் இன்ஸ்டாகிராமும்தானே. அந்தப் பெட்டியின் சுமை வரைபடம் எட்டரை மணிக்குக் கோபுரம் மாதிரி எழும்பும். அன்றைக்கு அது மேடு மாதிரி இருந்தது. அந்தத் தெருக்களிலிருந்து ‘பாதி வருகிறது’ புகார்கள் குறைந்தன. ஏணி தூக்கும் பையன்தான் இதை முதலில் கவனித்துச் சொன்னான்.

என்னிடம் கேட்டவை

வீட்டுக்கு நேரடி முகவரி கொடுத்தால் திருடன் உள்ளே வந்துவிட மாட்டானா என்று ஒரு சக தொழில்காரர் கேட்டார். நாட், அதாவது பெட்டியில் நடக்கும் அந்த முகவரி மாற்றம், நம்மைக் காப்பாற்றுகிறது என்ற எண்ணம் எங்கள் தொழிலில் ஆழமாக இருக்கிறது. உண்மையில் காப்பாற்றுவது, உள்ளிருந்து கேட்காத எதையும் உள்ளே விடாதே என்ற ஃபயர்வால் விதி. அந்த விதியை ஐபிவி6க்கும் ஒரு வரியில் போடலாம். வீடுகளில் நாங்கள் மாட்டும் ஓஎன்யூ என்ற ஃபைபர் பெட்டிகளில் அதைப் போட்டுத்தான் மாட்டுகிறோம். கதவுக்கு எண் இருப்பதும் கதவு திறந்து கிடப்பதும் வேறு வேறு. எண் இருந்தால், வேண்டுமென்கிறவர் தானே திறந்துகொள்ளலாம். சென்னையில் இருக்கிற மகன் இங்கே அப்பா வீட்டு வாசல் கேமராவைப் பார்க்க வேண்டுமானால், இப்போது அந்தப் படம் கேமரா தயாரித்தவருடைய சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. அப்பா வாசலில் இருமுவதை மூன்றாவது ஆள் ஒருவர் வாங்கிக் கைமாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது, அதைக் கேட்டது என் மனைவி. “அப்ப யாரு என்ன பண்றாங்கன்னு இன்னும் ஈசியாக் கண்டுபிடிச்சிருவாங்களே? கூட்டத்துல கூட்டமா இருக்கறது நல்லதில்லையா?” பல நாள் யோசித்தேன். கூட்டத்தில் ஒளிந்திருக்கிறோம் என்பது நமக்கு இருக்கிற எண்ணம்தான். குக்கீ வழியாகவும் லாகின் வழியாகவும் ஆப் வழியாகவும் நம்மைத் தொடர்கிறவர்களுக்கு முகவரி பொதுவாக இருப்பது ஒரு தடையே இல்லை. அந்தக் கூட்டம் மறைப்பது யாரை? அன்றைக்கு 9.42க்குக் கணக்குக்குள் நுழைந்தவரை. காட்டிக்கொடுத்தது மீதி 162 பேரை. இன்னொன்றும் உண்டு. முகவரியைப் பங்கு போட்டால், பின்னால் யார் என்று கேட்கும்போது பதில் சொல்ல, ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நொடியும் எந்தப் போர்ட்டை எடுத்தது என்று எழுதி வைத்தாக வேண்டும். எங்களிடம் அதற்கென்றே ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கி இருக்கின்றன, ஊரின் நடமாட்டம் முழுவதும் அதில். வீட்டுக்குத் தனி முகவரித் தொகுதி இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரே வரி போதும்: இந்தத் தொகுதி, இந்த வீடு. சட்டம் வேறு எதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்கிறது, சொல்லலாமா என்பது பெரிய விவாதம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பற்றாக்குறையால் மட்டுமே பிறந்த ஒரு பேரேட்டை வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது. கருவியின் வன்பொருள் எண்ணை முகவரிக்குள்ளேயே வைக்கும் பழைய முறையில் ஓர் ஆபத்து இருந்தது உண்மை. இன்றைய செல்போன்களும் கணினிகளும் முகவரியின் பின்பாதியை அவ்வப்போது தாமே மாற்றிக்கொள்கின்றன. முன்பாதி வீட்டைச் சொல்லும். வீட்டுக்குள் யார், எந்தக் கருவி என்று சொல்லாது.

2017 அக்டோபரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலே இதை வெளிப்படையாகச் சொன்னது: ஒரே முகவரியை நிறையப் பேர் பகிர்வதால் குற்றத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள் விசாரணைக்குள் இழுக்கப்படுகிறார்கள் என்று. அதைப் படித்தபோது எனக்கு ஐரோப்பா நினைவுக்கு வரவில்லை. நூல் போட்டுக் கட்டிய ரசீதுக் கட்டு நினைவுக்கு வந்தது.

வாத்தியார் வீட்டுப் பெட்டி பழசு, ஐபிவி6 தெரியாதது. போன தை மாதம் நானே போய் மாற்றினேன். புதுப் பெட்டியை மாட்டி, விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகி, பேத்தியின் செல்போனில் சோதனைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். “எழுதிக் குடுய்யா,” என்றார். எதை சார் என்றேன். “என் வீட்டு நம்பரை.” நாலு நாலாகப் பிரித்துத் தொகுதியின் எண்களைச் சொல்ல, அவர் டைரியில் வீட்டு விலாசத்துக்குக் கீழே மைப் பேனாவில் எழுதிக்கொண்டார். நடுவில் ஆங்கில எழுத்து வந்தபோது நிறுத்தி, “இதுல எழுத்தும் வருமா?” என்றார். ஏ முதல் எஃப் வரை வரும் என்றேன். அப்புறம் தொடர்ந்து எழுதினார். அந்த 163 பேர் விவகாரத்தில் அவரை மறுபடி யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் யார் அகப்பட்டார், அகப்பட்டாரா என்று எங்களுக்கும் சொல்லப்படவில்லை.

இன்னும் 2,300 வீடுகளில் பழைய பெட்டிதான் இருக்கிறது. அண்ணாச்சி மாதத்துக்கு 150 பெட்டி வாங்கித் தருகிறார், அதற்கு மேல் கட்டாது என்கிறார், அவர் சொல்வதும் சரிதான். நாளைக் காலை ஏழு மணிக்குக் கீழத் தெருவில் தொடங்குகிறோம். பதினான்கு வீடு. பட்டியலை இப்போதுதான் அச்செடுத்தேன், ஒரே தாளில் அடங்கிவிட்டது.